அச்சாரம் கொடுக்கும் முன் ஒரு கணக்கு!

(கொடுங்கையூரில் பிளஸ் டூ மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நடைபெற்ற கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

பொதுத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் பரீட்சையே எழுதவில்லை. ஆனால் இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோர்களில் பாதிப் பேருடைய போனுக்கு ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்திருக்கும். "சார், உங்கள் மகனுக்கு நாங்கள் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். இந்த வாரத்துக்குள் இருபத்தைந்தாயிரம் கட்டிவிட்டால் ஸ்காலர்ஷிப் உண்டு. அடுத்த வாரம் என்றால் கிடையாது" என்று ஒரு பெண் குரல் மிகவும் மரியாதையாகப் பேசும். அந்தக் குரல் மறுநாளும் பேசும். நீங்கள் கடையில் கூட்டமாக இருக்கும் நேரத்திலும் பேசும்.

இது பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல நான் யார்? எந்தக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பிப்பது, எதற்கு எப்போது பணம் கட்டுவது என்ற இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏனென்றால் நம் வீடுகளில் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம். முந்தி விண்ணப்பிப்பது வேறு. முந்திப் பணம் கட்டுவது வேறு. முதலாவதை நாம் செய்வதே இல்லை. இரண்டாவதை அவசர அவசரமாகச் செய்துவிடுகிறோம்!

வியாபாரிக்குத் தெரியாத கணக்கா?

இந்தக் கூட்டத்தில் வியாபாரிகள் அதிகம். பர்மா பஜாரில் கடை வைத்திருப்பவர் இருக்கிறார். காயலான் கடை நடத்துபவர்கள் இருக்கிறார்கள். மூலக்கடையில் ஹார்டுவேர், எருக்கஞ்சேரியில் துணி, காசிமேட்டில் மீன் ஏலம் என்று பல தொழில்களில் இருப்பவர்கள் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சரக்கைக் கண்ணால் பார்க்காமல், முழு விலை என்னவென்று தெரியாமல், பக்கத்துக் கடையில் விசாரிக்காமல், திருப்பிக் கொடுத்தால் பணம் வருமா என்று கேட்காமல் நீங்கள் யாருக்காவது அச்சாரம் கொடுத்திருக்கிறீர்களா? ஐந்தாயிரம் ரூபாய் சரக்குக்குக்கூட கொடுக்க மாட்டீர்கள். ஆனால் நான்கு வருடத்தில் ஐந்து லட்சம், ஆறு லட்சம் விழுங்கப் போகிற ஒரு விஷயத்துக்கு, போனில் பேசிய ஒரு குரலை நம்பி அச்சாரம் கொடுத்துவிடுகிறோம்.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அச்சாரம் கொடுக்கும்போது உங்களுக்கு என்னென்ன தெரியாது என்று பாருங்கள். பிள்ளையின் மார்க் தெரியாது. அந்த மார்க்குக்கு வேறு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று தெரியாது. இந்தக் கல்லூரியின் முழுக் கட்டணம் தெரியாது. முதல் வருட டியூஷன் கட்டணத்தை மட்டும்தான் சொல்லியிருப்பார்கள். பஸ் கட்டணம், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம், "வேலைவாய்ப்புப் பயிற்சி" என்று தனியாக ஒன்று, இரண்டாம் வருடம் ஏறப்போகும் தொகை, இவையெல்லாம் சேர்ந்த பிறகுதான் உண்மையான விலை. ஆக, மூன்று பக்கமும் இருட்டு. அந்த இருட்டில்தான் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

பிறகு ஏன் கட்டுகிறோம்? பயம். "இடம் போய்விடுமோ" என்ற பயம். நம் வீடுகளில் கல்லூரிக்குப் போன ஆள் இல்லாததால் விசாரிப்பதற்கு யாரும் இல்லை. அந்தப் பயத்தை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் எதிர்முனையில் பேசுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர், இதே பகுதியில் சிறிய கடை வைத்திருப்பவர். வட்டிக்கு வாங்கக்கூடாது என்பதில் உறுதியாக இருப்பவர். கல்விக் கடன் வேண்டாம் என்று கடையின் முதலிலிருந்து ஐம்பதாயிரம் எடுத்து மார்ச் மாதமே ஒரு கல்லூரியில் கட்டினார். பெயர் வேண்டாம். கட்டியபோது மகனுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் அசலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மே மாதம் ரிசல்ட் வந்தது. பையன் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே மார்க் எடுத்திருந்தான். கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பணமும் அங்கே, அசலும் அங்கே! "வேண்டாம் என்றால் பணத்தை மறந்துவிடுங்கள்" என்றார்கள். ஐம்பதாயிரத்தை விட மனமில்லாமல் மகனை அங்கேயே சேர்த்தார். ஐம்பதாயிரத்தைக் காப்பாற்றுவதற்காக அதற்கு மேல் மூன்று லட்சம் கட்டினார். அந்த வருடம் பெருநாள் சீசனுக்குச் சரக்கு எடுக்கக் கையில் பணம் இல்லை. வட்டியிலிருந்து ஒதுங்கி நிற்கும் குடும்பங்களுக்கு இந்த முன்பணம் இப்படித்தான் இரட்டை அடியாக விழுகிறது. கடன் வாங்குபவனுக்குப் போவது வங்கியின் பணம். நமக்குப் போவது கடையின் முதல்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, நமக்குத்தான் தெரியாது

அந்தச் சகோதரருக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தால் கதையே வேறு. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2018 அக்டோபரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எந்தக் கல்லூரியும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் சேர்த்துத்தான், மாணவனின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது. மாணவன் முன்னிலையில் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கையெழுத்திட்ட நகலைத்தான் வைத்துக்கொள்ளலாம். மாணவர் சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாட்களுக்கு முன்பே "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தால் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகாமல், பிடித்துக்கொள்ளலாம். நாள் ஆக ஆக 90, 80, 50 சதவீதம் என்று திரும்பும் தொகை குறையும். ஒரு செமஸ்டர் அல்லது ஒரு வருடத்துக்கு உரிய கட்டணத்தைத் தவிர மொத்தப் படிப்புக்கும் முன்கூட்டியே வசூலிக்கவும் கூடாது.

பின்னர் வந்த ஆண்டுகளில் யு.ஜி.சி. இதை இன்னும் தளர்த்தியது. 2024-25 கல்வியாண்டில் 2024 செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமலும் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவு. ஒவ்வொரு ஆண்டும் தேதி மாறும். அந்தந்த ஆண்டின் உத்தரவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நன்கொடை விஷயத்தில் தமிழக அரசின் சட்டம் 1992-லிருந்தே இருக்கிறது. ரசீது இல்லாமல் கொடுக்கிற பணத்துக்கு எந்தச் சட்டமும் வந்து நிற்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வருகிறார்களே, அந்தச் சீட்டு எதற்கு ஆகும்?

சட்டம் இருப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு என்று பின்னால் ஒரு பெரியவர் சொல்வது கேட்கிறது. உண்மைதான், பாய். அலைய வேண்டியிருக்கும். ஆனால் அறிவிக்கையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து மூலமாகக் கேட்பவனுக்கும், வாசலில் நின்று கெஞ்சுபவனுக்கும் வித்தியாசம் உண்டு. அதற்கும் மேலாக, கட்டாமலே இருந்தால் அலைய வேண்டியதே இல்லை!

பணக்கார நாட்டிலும் இதே கதைதான்

இந்த முந்திப் பிடிக்கிற வேலை நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் நவம்பர் மாதத் தொடக்கத்திலேயே ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பித்து, டிசம்பரில் இடம் கிடைத்தால் அங்கேதான் சேருவேன் என்று முன்னதாகவே ஒப்புக்கொடுக்கும் முறை இருக்கிறது. யாருக்கு வசதி? எந்தக் கல்லூரி எவ்வளவு உதவித்தொகை தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லாத வீட்டுப் பிள்ளைக்கு வசதி. ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டிய ஏழைப் பிள்ளைக்கு அந்த வாசல் ஒரு பொறி. ஹார்வர்டு, பிரின்ஸ்டன் போன்ற பெரிய பல்கலைக்கழகங்களே தங்களுடைய முன்கூட்டிய சேர்க்கை வசதி படைத்தவர்களுக்கே சாதகமாக இருக்கிறது என்று கூறி 2006-ல் அதைக் கைவிடுவதாக அறிவித்தன. மற்றக் கல்லூரிகள் விடவில்லை. 2011-ல் இவையும், சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத ஒரு வடிவில், அதைத் திரும்பக் கொண்டுவந்தன. ஹார்வர்டுக்கே இந்தப் போட்டி என்றால் ஜி.என்.டி. ரோட்டில் பேனர் கட்டுகிற கல்லூரி சும்மா இருக்குமா?

கவுன்சலிங்குக்கு வெளியே போனால் எதையெல்லாம் இழக்கிறோம்?

பொறியியல் படிக்க நினைக்கும் பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 1997 முதல் ஒற்றைச் சாளர முறையில் கவுன்சலிங் நடத்திவந்தது. 2007-ல் நுழைவுத் தேர்வு போனது; பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்கு கட்-ஆஃப். 2018-லிருந்து எல்லாம் ஆன்லைன். இன்று டி.என்.இ.ஏ. என்று சொல்வது இதைத்தான். 2025-ல் மே 7-ம் தேதி பதிவு தொடங்கியது, மே 8-ல் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது, ஜூன் 6 வரை பதிவு செய்ய அவகாசம் இருந்தது. அதாவது மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க முழுதாக நான்கு வாரம் கிடைத்தது. எங்கே இருக்கிறது அவசரம்?

சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தர வேண்டும். மிச்சம்தான் நிர்வாக ஒதுக்கீடு. போனில் கூப்பிட்டு விற்பது அந்த மிச்சத்தை. ஒரே கல்லூரி, ஒரே வகுப்பறை, ஒரே பெஞ்ச். ஆனால் 2017-ல் கட்டணக் குழு நிர்ணயித்த உச்சவரம்பைப் பாருங்கள்: அங்கீகாரத் தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 55,000, நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000. வித்தியாசம் 32,000. நான்கு வருடத்துக்கு 1,28,000 ரூபாய்! பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைவிட ஒன்றேகால் லட்சம் அதிகம் கொடுத்து அதே பாடத்தைக் கேட்கிறான் உங்கள் மகன். அதுவும் நிர்ணயித்த தொகையை மட்டுமே வாங்கினால்.

இது போக, இன்னொரு பெரிய இழப்பு இருக்கிறது. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேருபவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. நம் பகுதியில் எத்தனை வீடுகளில் தாத்தா, அத்தா, அண்ணன் யாருமே பட்டதாரி இல்லை! நம்மைப் போன்றவர்களுக்காகவே வந்த சலுகை அது. இதில் யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். மூத்த மகனை நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துப் பட்டம் வாங்க வைத்துவிட்டால், இளையவன் பிறகு கவுன்சலிங்கில் வந்தாலும் அவன் முதல் பட்டதாரி ஆக முடியாது. குடும்பத்தில்தான் ஒரு பட்டதாரி வந்துவிட்டாரே! மூத்தவனும் அனுபவிக்கவில்லை, இளையவனுக்கும் இல்லை. ஓர் அவசரத்தில் இரண்டு பிள்ளைகளின் சலுகை போகிறது.

சென்னை மாநகராட்சிப் பள்ளியிலோ அரசுப் பள்ளியிலோ 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. முந்திக்கொண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டிய மாநகராட்சிப் பள்ளி மாணவனை நான் பார்த்திருக்கிறேன். என்ன சொல்ல!

பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு 2007-ல் வந்தது. எத்தனை ஆண்டுக் கோரிக்கை, எத்தனை மாநாடு, எத்தனை மறியல் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அந்த ஒதுக்கீடும் கவுன்சலிங்கில்தான் இருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கவுன்டரில் இல்லை. தெருவில் நின்று வாங்கிய உரிமையை, போனில் வந்த ஓர் அழைப்புக்காக விட்டுக்கொடுக்கலாமா?

கவுன்சலிங்கில் நம் பிள்ளைகள் செய்கிற தவறு ஒன்று உண்டு. விருப்பப் பட்டியலில் ஐந்தாறு கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டு வருகிறார்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். எது உண்மையிலேயே முதலில் வேண்டுமோ அதை முதலில், அடுத்து அடுத்து என்று நூறுகூடப் போடுங்கள். பட்டியலில் மேலே இருப்பது கிடைக்காவிட்டால்தான் கீழே இருப்பது பார்க்கப்படும். ஆகவே கிடைக்காதோ என்று பயந்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ள வேண்டியதில்லை. ஓர் இடம் ஒதுக்கப்பட்ட பிறகும், "இதை ஏற்றுக்கொள்கிறேன், மேலே இருப்பது காலியானால் அதைக் கொடுங்கள்" என்று சொல்லும் வழி உண்டு. எந்தத் தனியார் கல்லூரி இப்படி ஒரு வசதியை உங்களுக்குத் தரும்?

நம் சமுதாயக் கல்லூரிகள்

"நம்மவர்கள் நடத்தும் கல்லூரிக்கு முதலில் போவோமே" என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951-ல் தொடங்கிய ராயப்பேட்டை நியூ காலேஜ் இருக்கிறது. நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955-ல் பெண்களுக்காகத் தொடங்கிய, பலரும் இன்றும் எஸ்.ஐ.இ.டி. என்றே சொல்கிற கல்லூரி தேனாம்பேட்டையில் இருக்கிறது. வண்டலூரில் 1984-ல் தொடங்கி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கும் கிரசென்ட் இருக்கிறது. வெளியூர் அனுப்பத் தயார் என்றால் திருச்சியில் ஜமால் முகமது, பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா, வாணியம்பாடியில் இஸ்லாமியா என்று நம் முன்னோர் சொத்தை எழுதிவைத்துக் கட்டிய கல்லூரிகள் பல இருக்கின்றன.

ஆனால் பெயரைப் பார்த்து மட்டும் ஓடக் கூடாது. உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு கல்லூரிகள் நடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு உதவி பெறும் பிரிவு ஒன்று. அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவு மற்றொன்று. அங்கே கட்டணம் பல மடங்கு. பி.காம். என்று கேட்டால் இரண்டிலும் பி.காம். இருக்கும். "சார், இது எய்டடா, செல்ஃபா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் எத்தனையோ பேர் சுயநிதி வரிசையில் போய் நின்றுவிடுகிறார்கள். உதவி பெறும் பிரிவில் இடங்கள் சொற்பம். விண்ணப்பம் வழங்கும் முதல் நாளே போய் நிற்க வேண்டியது அங்கேதான். முந்த வேண்டிய இடம் இது. விண்ணப்பத்துக்குச் சில நூறு ரூபாய் போகும், போகட்டும்.

கிரசென்ட் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் டி.என்.இ.ஏ. கவுன்சலிங்கில் வராது. தனி நுழைவுத் தேர்வு, தனிக் கட்டணம். அங்கே படிக்க வைக்க வசதி உள்ளவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம், தேர்வும் எழுதலாம். ஆனால் தூரத்தையும் கணக்கில் சேருங்கள். கொடுங்கையூரிலிருந்து வண்டலூர் என்றால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. போக இரண்டு மணி, வர இரண்டு மணி. வருடத்துக்கு 180 நாள் என்றால் 720 மணி நேரம். முழுதாக முப்பது நாள், இரவு பகலாகப் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பதற்குச் சமம்! ஹாஸ்டல் என்றால் அந்தச் செலவு தனி.

காலடியில் இருப்பதைப் பாருங்கள்

பக்கத்தில் இருப்பதை நாம் மதிப்பதில்லை. வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரி, 1964-லிருந்து வடசென்னைப் பெண்களைப் பட்டதாரி ஆக்கிக்கொண்டிருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி, அரசு உதவி பெறுவது. நம் செலவாயலிலேயே திருத்தங்கல் நாடார் கல்லூரி. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க 2024-ல் ஆன செலவு 50 ரூபாய். இங்கே ஒரு பிளேட் பிரியாணிக்குக்கூட அது போதாது! அந்த ஐம்பது ரூபாய் விண்ணப்பத்தைப் போடாமல் இருபத்தைந்தாயிரத்தை எங்கோ கட்டிவிட்டு நிற்கிறோம்.

தாய்மார்களுக்கு இங்கே தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் நான் சொல்லும் கணக்கு கொஞ்சம் மாறும். ஆண் பிள்ளைக்கு ஜூலை, ஆகஸ்ட் வரை காத்திருக்கும் வீடு, பெண் பிள்ளைக்கு ஜூன் தாண்டினால் "சரி, வீட்டில் இருக்கட்டும்" என்று முடிவு கட்டிவிடுகிறது. அதற்குள் ஒரு வரனும் வந்துவிடும். அதனால் பெண் பிள்ளைக்கு மே மாதமே குறைந்தது மூன்று இடங்களில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். பாரதி மகளிர் கல்லூரி, எஸ்.ஐ.இ.டி., பக்கத்தில் ஒன்று. கையில் ஓர் இடம் உறுதியாக இருந்தால்தான் அவளுக்காக வீட்டில் பேச முடியும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. பஸ் செலவுக்கு அத்தாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை.

பொறியியல்தான் படிப்பு என்று இல்லை. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., மணலியில் சுத்திகரிப்பு ஆலை, துறைமுகங்கள் என்று நம்மைச் சுற்றி இருப்பதெல்லாம் தொழிற்சாலை. டிப்ளமோ படித்தவனும் ஐ.டி.ஐ. படித்தவனும் அப்ரன்டிஸாக உள்ளே போகலாம். டிப்ளமோ முடித்தவன் பிறகு கவுன்சலிங் வழியாக நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதற்கு மேல் அதை இங்கே விரிக்க நேரமில்லை.

கல்லூரியை எப்படி விசாரிப்பது?

பேனரைப் பார்க்காதீர்கள். நேரில் போங்கள். விடுமுறை நாளில் போகாதீர்கள். வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். அலுவலகத்தில் உட்கார வைத்து டீ கொடுத்து வீடியோ காட்டுவார்கள். அது முடிந்ததும் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்று இரண்டாம் வருடப் பையனிடம் பேசுங்கள். "உனக்கு இந்த செமஸ்டரில் யார் யார் பாடம் எடுக்கிறார்கள்? பெயர் சொல்லு தம்பி" என்று கேளுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளில் 300-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரமாக வேலை செய்வதாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது என்பது குற்றச்சாட்டு. பல்கலைக்கழகமும் விசாரித்து முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டது. காகிதத்தில் பேராசிரியர், கரும்பலகைக்கு முன்னால் யாரும் இல்லை!

"நாக் ஏ பிளஸ் பிளஸ்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்களையே இலஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்றால், எத்தனை பேருக்கு, எந்தக் கம்பெனி, என்ன சம்பளம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடலாம்.

அப்படியானால் முந்திக் கட்டவே கூடாதா?

ஒரு தம்பி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்: "கவுன்சலிங்கில் கிடைக்கவே கிடைக்காத படிப்பு என்றால் என்ன செய்வது?" நியாயமான கேள்வி. நீங்கள் விரும்பும் படிப்பு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மட்டும் இருக்கலாம். நான்கு வருட முழுத் தொகையையும் கடையின் முதலைத் தொடாமல் தர முடிகிற குடும்பமாக இருக்கலாம். அப்போது கட்டலாம். ஆனால் மூன்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்: நான்கு வருட மொத்தக் கட்டண விவரம், விலகினால் பணம் திருப்பித் தரும் விதி, "ஸ்காலர்ஷிப்" நான்கு வருடமும் உண்டா அல்லது முதல் வருடம் மட்டுமா என்பது. இந்த மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டாம் வருடம் குறிப்பிட்ட மார்க்குக்குக் கீழே போனால் சலுகை ரத்து என்று சின்ன எழுத்தில் எங்கோ இருக்கும். கட்டும்போது வங்கி வழியாகக் கட்டுங்கள். அசலைக் கொடுக்காதீர்கள்.

மற்ற எல்லோரும் இந்த பிப்ரவரி, மார்ச்சில் முந்திச் செய்ய வேண்டியது வேறு வேலை. பணம் அல்ல, காகிதம்! சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் என்று ஏழு பிரிவுகள். ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பைக்குள் வருகிறார்கள். பள்ளி டி.சி.யில் வெறும் "முஸ்லிம்" என்று இருந்து, சான்றிதழும் இல்லாவிட்டால் பிள்ளை பொதுப் பிரிவில்தான் போய் நிற்பான். முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடமிருந்து வர வேண்டும். மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு எல்லோரும் ஒரே நாளில் போய் நிற்பார்கள்; சர்வரும் நிற்கும், வரிசையும் நிற்கும். ஆதாரில் ஓர் எழுத்து, மார்க் ஷீட்டில் ஓர் எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் அதைத் திருத்தவே பல வாரம் ஆகும். முஹம்மது, முகமது, மொஹமட் என்று ஒரே பையனுக்கு மூன்று பெயர் இருப்பது நம் வீடுகளில்தானே!

வெளியே மூன்று மேஜைகள் போட்டிருக்கிறார்கள். முதல் மேஜையில் பெயர் எழுத்துகளைச் சரிபார்ப்பார்கள், இரண்டாவதில் சாதிச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் போட்டுத் தருவார்கள். ஏற்கெனவே எங்காவது பணம் கட்டியவர்கள் ரசீதோடு மூன்றாவது மேஜைக்கு வாருங்கள், யு.ஜி.சி. அறிவிக்கையின் நகல் அங்கே இருக்கிறது, கடிதம் எழுதித் தருகிறோம். இன்று காகிதம் கொண்டு வராதவர்கள் வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு வரலாம். பிள்ளையின் ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., ரேஷன் கார்டு, அத்தாவின் சாதிச் சான்றிதழ் இருந்தால் அதுவும். எல்லாம் நகல் போதும். அசலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.